நல்லியில் ஊறாத இரத்தம்

எங்கள் வீட்டில் தினமும் ஒரு எலும்பு எனக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டது. அத்தாவுக்குப் பதுளை பஜாரில் மாட்டிறைச்சிக் கடை. காலையில் முதல் மாடு கொக்கியில் ஏறியதும் பின்னங்கால் நல்லியை வெட்டி, வாழை இலையில் சுற்றி, மாடிக்கு அனுப்பிவிடுவார். அம்மா அதை மிளகும் இஞ்சியும் போட்டுக் கொதிக்கவைத்து என் முன்னால் கொண்டுவந்து வைப்பாள். எலும்பைத் தட்டின்மேல் தட்டினால் உள்ளேயிருந்து வெண்ணெய்க் கட்டி மாதிரி ஒன்று நழுவி விழும். "பிஸ்மி சொல்லி முழுங்கு" என்பாள். பிஸ்மி சொல்வதில் எனக்குச் சிரமமில்லை. முழுங்குவதுதான் பெரும்பாடு.

எனக்கு இரத்தம் போதவில்லை என்பது அத்தா, அம்மா, நான் ஆகிய மூவருக்கும் தெரிந்த விஷயம். நாலாவது ஆளுக்குத் தெரியக்கூடாது என்பதில் அம்மா உறுதியாக இருந்தாள். பண்டாரவளையில் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தில் எனக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். நோயாளிப் பெண் என்று ஒரு சொல் அங்கே போய்விட்டால் அதோடு சரி. அந்தக் காலத்தில் ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும், பதுளை வரை வராது. ஊர்ப்பேச்சுக்கு ரயில் தேவைப்படவில்லை. அது தானாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

கடைக்கு மேலேதான் வீடு. நான் பெரியவளான நாளிலிருந்து கோஷா, வெளி ஆண்கள் கண்ணில் படக்கூடாது. முன்பக்கப் படி கடைக்குள் இறங்கும், அது எனக்கில்லை. பின்பக்கப் படி கொல்லைக்கு இறங்கும்; அது மட்டும் உண்டு. கொல்லை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆளுயரத்துக்கு மேல் நான்கு சுவர், பூட்டிக்கிடக்கும் ஒரு பின்வாசல், ஒரு கிணறு, சில வாழைகள், மூலையில் தகரம் போட்ட கக்கூஸ் குழி. மழைக்காலம் வந்துவிட்டால் முழுக்கச் சேறு. ஆனால் அந்த வீட்டில் கூரை இல்லாத இடம் அது ஒன்றுதான். குழிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வாழைக்கடியில் வெறுங்காலோடு நெடுநேரம் நிற்பேன். கால்விரல்களைச் சேற்றுக்குள் நுழைத்துக்கொண்டு, சுவருக்கு மேலே தெரிகிற மலையைப் பார்ப்பேன். அம்மா மாடியிலிருந்து கூப்பிடுவாள். காது கேட்காத மாதிரி இருந்துவிடுவேன். விரலிடுக்கில் அரிப்பு வந்தால் சேற்றுப்புண் என்று மஞ்சளை அரைத்துப் பூசுவாள். அரிப்பு நின்றுவிடும், நான் மறுபடி போய் நிற்பேன்.

தெருப்பக்க ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தது. பலகைகளுக்கு நடுவில் ஒரு கண் பார்க்கும் அளவுக்கு இடுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துச் சனங்கள் பஜாருக்கு இறங்குவார்கள். தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு பெண்கள் பேசிச் சிரித்தபடி போவார்கள். எனக்கு அவர்கள்மேல் பொறாமை. பைத்தியக்காரப் பொறாமைதான். விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பேர் கொடுக்க வேண்டும், கங்காணியின் வாய்க்குப் பயப்பட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? அவர்கள் நடந்தார்கள், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சில பெண்கள் நடக்கமாட்டாமல் எங்கள் கடைப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள். முகம் ஊதி, சாம்பல் பூத்தது போலிருக்கும். அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "தோட்டத்துச் சோகை. அங்குள்ளதுகளுக்கு வர்றதுதான்" என்பாள். பிறகு இடுக்கில் துணியை வைத்து அடைத்துவிடுவாள்.

எனக்கும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் கொல்லைப்படி ஏறும்போது. பிறகு தலை பின்னும்போதே கை சோர்ந்து மடியில் விழுந்துவிடும். காதுக்குள் ஓயாமல் ஒரு இரைச்சல். சோறு பிடிக்கவில்லை. வேகவைக்காத அரிசியும், சுவரில் சுரண்டிய சுண்ணாம்பும்தான் இனித்தன. கன்னத்து எலும்பு துருத்தித் தெரிந்தது, ஆனால் கால் வீங்கியது. செத்துப்போவேனோ என்று பயந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் எலும்பு இரண்டாகிவிடும்.

பெண் பார்க்க மாப்பிள்ளையின் தாயார் இரண்டு உறவுக்காரப் பெண்களோடு வந்தார். நெட்டையான மனுஷி, பேச்சு குறைவு. என்னைப் பாயில் உட்கார வைத்தார்கள். கூட வந்த பெண்களில் ஒருத்தி முகத்திரையை விலக்கிப் பார்த்து, "அடியாத்தி, என்ன நிறம்! கொழும்புல பீங்கான் விக்கிறானே, அந்த மாதிரி" என்றாள். இன்னொருத்தி என் கையைத் தன் கையோடு சேர்த்துவைத்து அளந்து பார்த்தாள். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "வெயிலே படாம வளத்த புள்ள" என்றாள். நான் பிறந்தபோது மாநிறம். அத்தா மாதிரியே. அந்த நிறம் எங்கே போனது என்று அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. மாப்பிள்ளையின் தாயார் மட்டும் என் நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஒரு நாள் கொல்லையில் மயங்கி விழுந்தேன். கண் விழித்தபோது அத்தா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தார். மாட்டுத் தொடையைத் தூக்கிப் பழகின தோள். அன்று மாலையே அம்மா தடுக்கத் தடுக்க, ஆஸ்பத்திரியில் வேலைபார்த்த யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவரைப் பின்வாசல் வழியாக அழைத்துவந்தார்.

அம்மா அறைக்குக் குறுக்கே ஒரு போர்வையைக் கட்டி, என்னைப் பின்னால் உட்கார வைத்தாள். டாக்டர் முன்னால். நாடி பார்க்கக் கையை நீட்டினேன். அவர் நாடி பார்த்துவிட்டு நகத்தை அழுத்திப் பார்த்தார்.

"உள்கண்ணைப் பாக்க வேணுமே" என்றார்.

"முகத்தைக் காட்ட முடியாதுங்க" என்றாள் அம்மா.

"முகம் வேண்டாம் அம்மா. ஒரு கண் காணும், போதும்."

போர்வையில் ஓர் இடத்தில் பூச்சி அரித்த ஓட்டை இருந்தது. அம்மா அதை என் வலது கண்ணுக்கு நேரே பிடித்தாள். "கீழ் இமையை இழுத்துக் காட்டும், பிள்ளை" என்றார் டாக்டர். இழுத்தேன். ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கண்ணாடிபோட்ட கண் தெரிந்தது. அது கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விலகியது. அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா தொடையில் கிள்ளினாள்.

"சிவப்பா இருக்க வேண்டிய இடம் கடதாசி மாதிரி இருக்கு" என்றார் டாக்டர். "இரத்தம் காணாது."

"நாளுக்கு ஒரு நல்லி குடுக்குறோமே" என்றார் அத்தா. தன் தொழிலையே குறை சொன்னது போல் அவர் குரல் இருந்தது.

டாக்டர் கேட்டார். "நல்லிக்குள்ள என்ன நிறத்தில இருக்கும்?"

"வெள்ளையா, மஞ்சளா. கன்னுக்குட்டி நல்லின்னா செவப்பா இருக்கும். வயசான மாடுன்னா வெண்ணெயாட்டம்."

"சரியாச் சொன்னியள். அந்தச் சிவப்புத்தான் இரத்தம் ஊறுற இடம். குழந்தையில எல்லா எலும்பிலும் ஊறும். வளர வளரக் கைகால் எலும்பெல்லாம் கொழுப்பா மாறிப்போகும். பிறகு நெஞ்செலும்பு, விலா, முதுகெலும்பு, இடுப்பு, அதுகளிலதான் ஊறும். பழைய இரத்தம் சாகச் சாகப் புது இரத்தம் அங்கயிருந்துதான் வெளியில வரும். நீங்கள் பிள்ளைக்குக் குடுக்கிறது கொழுப்பு."

அத்தா யோசித்தார். "ஒரு தடவை ஒரு நோஞ்சான் மாடு வந்துச்சுங்க. வயசான மாடுதான். நல்லிய ஒடச்சா உள்ள செவப்பு. ஏதோ சீக்குன்னு வீசிட்டேன்."

"அந்த மாட்டுக்கு இரத்தம் போதாமல் போயிருக்கும். தட்டுப்பாடு வந்தா மூடிக்கிடந்த எலும்பும் திரும்ப வேலைக்கு இறங்கும். உங்கட மகளின்ட எலும்பும் இப்ப அதைத்தான் செய்யுது. அடுப்பு எரியுது, உலையில போட அரிசி இல்லை. அந்த அரிசி இரும்புச் சத்து."

"சாப்புடுறாளே, பெறகு எங்க போகுது?"

"குடலில புழு இருக்கு எண்டு நினைக்கிறன். கொழுக்கிப் புழு. இருந்த இடத்தில இருந்து இரத்தம் குடிக்கும். சேத்து மண்ணில வெறுங்காலோட நிண்டா உள்ளங்கால் வழியா ஏறும். காலில அரிப்பு வாறதோ?"

போர்வைக்குப் பின்னால் நான் என் கால்விரல்களைப் பார்த்தேன். எனக்கென்று மிஞ்சியிருந்த ஒரே மண் அது. அதில்தான் நின்றேன், அதுதான் ஏறியிருக்கிறது. என் வாயிலிருந்து, "ஆமா" என்று வந்தது. அம்மா உடனே குறுக்கே பேசினாள்.

"அது தோட்டத்துக் கூலிங்களுக்கு வர்றதுங்க. எம் மக தோட்டத்தக் கண்ணால பாத்ததில்ல. வீட்டு வாசப்படி தாண்டினதில்ல."

"புழுவுக்கு அது தெரியாது, அம்மா" என்றார் டாக்டர். பெண்கள் வார்டில் சில நாள் வைத்து மருந்து கொடுக்க வேண்டும், கடுமையான மருந்து, வீட்டில் கொடுக்க முடியாது என்றார். கலியாணப் பேச்சு நடப்பதை அத்தா தயங்கித் தயங்கிச் சொன்னார். டாக்டர் எழுந்துகொண்டே, "இந்த உடம்போட கட்டிக் குடுத்தா முதல் பிள்ளைப்பேறு தாங்காது. பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது" என்றார்.

அவர் போனபின் அத்தாவும் அம்மாவும் வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பதுளை ஆஸ்பத்திரி வார்டில் பஜார் முழுக்க வந்துபோகும். ஒரு முஸ்லிம் வீட்டுக் குமர்ப்பெண் தோட்டத்துப் பெண்களோடு கட்டிலில் கிடந்தால் மறுநாளே பண்டாரவளைக்குத் தெரிந்துவிடும். கடைசியில் அம்மா சொன்னது எனக்குக் கேட்டது. "கல்யாணம் முடியட்டும். அப்பறம் அவங்க வீட்டுல வச்சுப் பாத்துக்கிடட்டும்." மறுநாள் காலையில் வழக்கம்போல் எலும்பு வந்தது.

எனக்குக் கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். கத்துவதற்கு மூச்சு இல்லை. கால் எலும்புகள் உள்ளுக்குள் வலித்துக்கொண்டே இருந்தன. டாக்டர் சொன்னதைக் கேட்ட பிறகு அந்த வலிக்கு ஒரு காரணம் கிடைத்தது போலிருந்தது. உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு யாரோ எனக்காக மாடாய் உழைக்கிறார்கள். வெளியே நான் சும்மா கிடக்கிறேன். வெட்கமாகக்கூட இருந்தது.

கலியாண நாள் குறிக்க மாப்பிள்ளையின் தாயார் மறுபடி வந்தார். அதே இரண்டு பெண்கள். என் நிறம் இன்னும் கூடியிருந்தது. "நாளுக்கு நாள் மெருகு ஏறுதே" என்றாள் பீங்கான்காரி. அம்மா தேநீர் கொண்டுவரத் திரும்பினாள். ஒரு கிண்ணி தேநீர் ஊற்றும் நேரம்கூட இருக்காது. நான் பாயில் முழங்காலால் நகர்ந்து மாப்பிள்ளையின் தாயாருக்கு நேரே போய் உட்கார்ந்தேன். முகத்திரையை நானே விலக்கி, இரண்டு ஆட்காட்டி விரல்களாலும் இரண்டு கீழ் இமைகளையும் இழுத்துக் காட்டினேன்.

குழந்தைகள் பூச்சாண்டி காட்டுவது போலத்தான் இருந்திருக்கும். பீங்கான்காரி "அல்லாவே" என்று பின்னால் சாய்ந்தாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. இந்தச் சம்பந்தம் முறிந்தால் மறைப்பதற்கு ஒன்றுமில்லாமல் போகும். ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும். என் கணக்கு அதுதான்.

"இது நிறமில்ல மாமி" என்றேன். "எனக்கு ரத்தம் இல்ல."

அவர் அசையவில்லை. தேநீர்த் தட்டோடு அம்மா வாசலில் நின்றுவிட்டாள். மாப்பிள்ளையின் தாயார் கையை நீட்டித் தன் கட்டைவிரலால் என் இமையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துப் பார்த்தார். அந்த விரல் சூடாக இருந்தது.

"எம் மூத்த மகளும் இப்படித்தான் வெளுத்துக்கிட்டே வந்தா" என்றார். "எல்லாரும் அழகு கூடுதுன்னு சொன்னாங்க. நானும் சொன்னேன். மொதப் பிரசவத்துல போயிட்டா. அடக்குறதுக்கு ஒடம்பக் கழுவுறப்பத்தான் பாத்தேன், ஒதட்டுக்குள்ளகூட வெள்ள."

அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "போன தடவையே எனக்குச் சந்தேகம். கேக்க வாய் வரல. நாள் குறிக்கிறது கெடக்கட்டும். இந்தப் புள்ளய நாளைக்கே ஆஸ்பத்திரில விடுங்க. யாரு என்ன சொன்னாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அது எதற்காக என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த அக்காள் ஒருத்தி இருந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே நிறம், ஒரே வீக்கம், ஒரே புழு. "நீங்க மலை ஏறாமலே இப்படி ஆயிட்டீங்களே தங்கச்சி" என்று ஆச்சரியப்பட்டாள். அவள் கொழுந்து எடுக்க மாட்டாமல் உட்கார்ந்தால் கங்காணி சோம்பேறி என்று ஏசுவாராம். பலகை இடுக்கு வழியாக அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். "நடந்து எங்கங்க போறது? லயத்து வீட்டுலருந்து மலைக்கு, மலையிலருந்து லயத்துக்கு." எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அவள் அதைக் கவனித்துவிட்டு, "ஆனா பஜாருக்கு வர்ற அன்னிக்கு நல்லாத்தான் இருக்கும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

மருந்துக்கு முந்தின நாள் பட்டினி, பேதி உப்பு. மருந்து ஓமவாடை அடித்தது. அது வயிற்றில் இருக்கும்போது நெய், எண்ணெய், கொழுப்பு எதுவும் உள்ளே போகக்கூடாது, போனால் மருந்து இரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்து என்று தாதி கட்டில் கட்டிலாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மருந்து குடித்த அன்று பார்த்து அத்தா வார்டு வாசலுக்கு ஒரு தூக்குச்சட்டியை அனுப்பியிருந்தார். ஆண்கள் உள்ளே வர அனுமதியில்லை. பெருக்கும் பெண்தான் கொண்டுவந்து வைத்தாள். மூடியைத் திறந்தால் நல்லிச் சாறு, மேலே ஒரு விரற்கடைக்குக் கொழுப்பு. வாழ்நாளில் முதல்தடவையாக எனக்கு அதைக் குடிக்க ஆசை வந்தது. பசி அப்படி. வாய் வரை கொண்டுபோய்விட்டேன். தெமோதரை அக்காள் கட்டிலைவிட்டு இறங்கி, சட்டியைப் பிடுங்கி, தள்ளாடிக்கொண்டே போய் ஜன்னல் வழியாகக் கொட்டிவிட்டாள்.

"மன்னிச்சுக்கங்க தங்கச்சி" என்றாள் மூச்சு வாங்க. "நல்ல மணம்."

வெளியே அத்தா அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். காரணத்தைத் தாதி போய்ச் சொன்னபோது ஆஸ்பத்திரிச் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாராம். அன்றோடு எனக்கு எலும்பு வருவது நின்றது.

புழு போயிற்று. ஆணியை ஊறவைத்த தண்ணீர் மாதிரி இரும்பு மருந்து தந்தார்கள். பல் கறுத்தது, வெளிக்குப் போவதும் கறுத்தது. குடல் கருகுகிறது என்று பயந்து வார்டில் பாதிப் பேர் அதை ஜன்னல் வழியாக ஊற்றினார்கள். நான் ஊற்றவில்லை. எலும்புக்குள் காத்திருப்பவர்களை நினைத்துக்கொண்டு குடித்தேன். வீடு திரும்பிய பின்னும் குடித்தேன். மெல்ல மெல்ல உதட்டில் சிவப்பு வந்தது. கன்னம் மாநிறத்துக்குத் திரும்பியது. அம்மா கண்ணாடியைத் தந்துவிட்டு, "பொழச்சது சந்தோசந்தான். நிறந்தான் போச்சு" என்று பெருமூச்சு விட்டாள்.

கொல்லைப்படியை ஒரே மூச்சில் இறங்கிய அன்றுதான் கீழ்க்கதவு சாத்தியிருப்பதைப் பார்த்தேன். அத்தா வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைத்திருந்தார். அந்த மண்ணில்தான் புழு என்று டாக்டர் சொல்லிவிட்டார் அல்லவா? மிதியடி போட்டுக்கொண்டு நடக்கலாம், குழியை ஒழுங்காக மூடிக் கட்டலாம் என்றும் டாக்டர் சொன்னார். அத்தாவுக்குத் தாழ்ப்பாள்தான் சுலபமாகப் பட்டது. கக்கூஸுக்கு எனக்கு மாடியிலேயே ஒரு சட்டி வைத்தார்கள். அன்பால்தான் செய்தார். அதனால் என்னால் சண்டை போடவும் முடியவில்லை.

இரத்தம் இல்லாதபோது அந்த அறையில் கிடப்பது அவ்வளவு சிரமமாக இருக்கவில்லை. கிடக்கத்தான் என்னால் முடிந்தது. இப்போது காலில் பலம் இருந்தது. சுவருக்குச் சுவர் நடந்தேன். அறை எவ்வளவு சின்னது என்பது இரத்தம் ஊறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளையின் தாயார் மூன்றாம் முறை தனியாக வந்தார். முன்னால் உட்கார்ந்து, என் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. பிறகு, நிக்காஹ் நாளில் வேறொருவர் வந்து கேட்க வேண்டியதை அவரே கேட்டார்.

"எங்க வீட்டுக்கு வர ஒனக்குச் சம்மதமா?"

"ஒங்க வீட்டுல கொல்லை இருக்கா மாமி?" என்றேன்.

"இருக்கும்மா. சுத்திச் சுவரு."

"கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?"

அம்மா என்னை முறைத்தாள். மாமி தன் மகள் இருந்த வீட்டை மனசுக்குள் நடந்து பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"வெளிப்பக்கந்தான்" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காகத்தான் சம்மதம் என்றேன். கலியாணத்துக்கு அவர் கொண்டுவந்த சீர்ப் பொருள்களில் ஒரு ஜோடித் தோல் செருப்பும் இருந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். மாமி உயிரோடு இருந்தவரை அந்தக் கொல்லைத் தாழ்ப்பாளை ஒருநாளும் போட்டதில்லை. கழற்றவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகும்போதெல்லாம் நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் போனேன்.